தீச்சட்டி இறங்கும் வரை

பென் டிரைவைப் பிடுங்கியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மும்பை தாராவியில் எங்கள் முத்தாரம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு முன்பெல்லாம் ஊரிலிருந்து நையாண்டி மேளம் வரும். இப்போது வருவதில்லை. கடைசியாக வந்தபோது அவர்கள் பக்கத்திலேயே நின்று அவர்கள் வாசித்த ஆறு மேளத்தையும் முழுசாகப் பதிவு செய்துகொண்டேன். யாருக்கும் கொடுத்ததில்லை. செம்பூர் கோவில்காரர்கள் இரண்டு தடவை கேட்டார்கள். முடியாது என்றுவிட்டேன்.

போன வருஷம் யாரோ போனிலிருந்து ஏதோ மேளத்தைப் போட்டார்கள். எங்கள் தெருக் கனகவள்ளி தீச்சட்டி எடுத்து வந்தாள். நடுரோட்டில் அந்தப் போனுக்கு அழைப்பு வந்து மேளம் அறுந்தது. மேளம் ஓடுகிறவரைதான் சாமி. அறுந்ததும் சாமி சட்டென்று இறங்கிவிட்டது, சூடு கைக்கு ஏறியது, சட்டி கவிழ்ந்தது. இன்றைக்கும் அவளால் இடது கையை முழுசாக மடக்க முடியாது.

இந்த வருஷம் சட்டி எடுத்தது என் மகள் இசக்கிசெல்வி.

போன வருஷம் நடந்ததால் கமிட்டித் தலைவர் காசிராஜன் ஒரு டிஜேயைப் பிடித்து வந்தார். பெயர் தாஹிர், கோவண்டிக்காரன், எங்கள் ஊர்த் தமிழ் நன்றாகப் பேசுவான், முப்பது வயது இருக்கும். பெரிய ஸ்பீக்கர்களோடு டெம்போவில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். வேறு வழியில்லாமல் என் மேளம் இருந்த பென் டிரைவை அவனிடம் கொடுத்தேன். கொடுத்துவிட்டு நானும் டெம்போவில் ஏறிக்கொண்டேன். விட்டுவிட்டுப் போக நான் ஆளில்லை.

மத்தியானம் மூன்று மணி வெயிலில் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து கிளம்பினோம். முன்னால் மகள், கையில் வேப்பிலை, அதன் மேல் எரிகிற சட்டி. பின்னால் எங்கள் டெம்போ. தாஹிர் ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டியிருந்தான்.

"என்ன கேக்குற?" என்றேன்.

"அடுத்த மேளம், அண்ணாச்சி. வெளிய ஒண்ணு ஓடுது. எனக்கு மட்டும் அடுத்தது. ரெண்டு வேகத்தையும் ஒண்ணாக்கிட்டு உள்ள விடணும். இல்லன்னா மாறுற இடம் தெரிஞ்சுபோவும்."

"எங்களுக்குக் கேக்காதது ஒனக்கு மட்டும் கேக்குதாக்கும்."

"அதுதான அண்ணாச்சி என் காம், என் வேல."

திரையில் என் மேளங்கள் ஆறும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கோடு நிறைந்துகொண்டே போனது. என் பேரன் போனில் படம் இறக்கும்போதும் இப்படித்தான் கோடு நிறையும். என் மேளத்தை இவன் காப்பி பண்ணுகிறான், நாளைக்குச் செம்பூரில் இதே மேளம் கேட்கும் என்று முடிவு கட்டினேன்.

மூன்றாவது மேளம் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் வயரைச் சரிசெய்ய அவன் திரும்பினான். நான் பென் டிரைவை உருவிச் சட்டைப் பையில் போட்டேன். மேளம் நிற்கவில்லை. பயல் எல்லாவற்றையும் உள்ளே இறக்கியே விட்டான் என்று இன்னும் உறுதியானது.

மகளைப் பார்க்க இறங்கினேன். வாசலுக்கு வாசல் பெண்கள் சட்டிக்காரிக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு குடம் முழுசாக என் நெஞ்சில் விழுந்தது. நனைந்தபடி திரும்பி ஏறினேன்.

தாஹிர் லேப்டாப்பைச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தான். விரிப்பைத் தூக்கித் தேடினான்.

"பென் டிரைவ் விழுந்துட்டு. நாலாவது ஏற மாட்டேங்குது. லேப்டாப்புல ஏறியிருக்கறது இப்ப ஓடுற இந்த ஒண்ணுதான், இன்னும் மூணு நிமிஷம்."

கோவிலுக்கு இன்னும் இரண்டு திருப்பம். எப்படிப் போனாலும் பத்து நிமிஷம் ஆகும். மகள் கண் செருகி ஆடிக்கொண்டிருந்தாள், சட்டியில் தீ முழங்கை உயரத்துக்கு நின்றது. அரை நிமிஷம் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அரை நிமிஷத்துக்கு என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை.

"எங்கிட்ட இருக்கு" என்று எடுத்து நீட்டினேன். மஞ்சள் தண்ணீர் சொட்டியது.

அவன் அதை வாங்கவில்லை. "இத சொருகுனா லேப்டாப்பே செத்துரும். அப்புறம் இந்த மூணு நிமிஷமும் கெடையாது. ஏன் எடுத்தீய?"

"நீ காப்பி பண்ணுதன்னு நெனச்சேன். கோடு ஓடிச்சே."

"அது அடி எண்ணுது, அண்ணாச்சி. எண்ணாம வேகத்த எப்படிச் சேக்க?" அவ்வளவுதான் சொன்னான். பிறகு, "நாகசுரம் இல்லாம தவிலும் பம்பையும் மட்டும் வர்ற எடம் இதுல இருக்கா? எட்டு அடி போதும். அதையே சுத்த விடுறேன், முதல்லேருந்து போட்டா ஒட்டு தெரிஞ்சுபோவும்."

"முடியப்போற நேரத்துல வரும்."

"எனக்கு இந்த மேளம் புடிபடாது. அந்த எடம் வந்ததும் கைய ஆட்டுங்க."

ஸ்பீக்கர் பக்கம் காதை வைத்துக் காத்திருந்தேன். நாகசுரம் அடங்கியது. கையை ஆட்டினேன், அவன் பட்டனை அமுக்கினான். மேளம் திரும்ப வந்தபோது நொண்டியது. ஒரு அடி குறைந்தது. முன்னால் மகளின் கால் தடுக்கியது, சட்டி சாய்ந்தது, கங்கு ஒன்று ரோட்டில் தெறித்தது. கூட்டம் குலவையை நிறுத்தியது.

"ஒரு அடி கொறையுது, வே."

"தெரியுது, தெரியுது." விரல் ஏதோ செய்தது. அடுத்த சுற்று சரியாக வந்து விழுந்தது. அதற்கடுத்ததும். மகள் நிமிர்ந்தாள்.

அதே எட்டு அடி இரண்டு திருப்பம் முழுக்கச் சுற்றியது. ஒவ்வொரு சுற்றையும் நான் விரல் விட்டு எண்ணினேன். கோவில் வாசல் தெரிந்ததும், "இனிமே வேகத்த எறக்கணும். மெதுவாத்தான் சாமி எறங்கும்" என்றேன். பழைய கேசட் மாதிரி இழுத்து முனகும் என்று பயந்தேன். முனகவில்லை. தவில் தவிலாகவே இருந்தது, நடை மட்டும் தளர்ந்தது. மகளின் காலும் அதோடு தளர்ந்தது. வாசலில் கொட்டிய மணலில் சட்டியை வைத்தாள். அதற்குப் பிறகுதான் தாஹிர் நிறுத்தினான்.

காசிராஜன் வேகமாக வந்தார். "என்னடே, ஒரே மேளத்த மாவு ஆட்டுன மாதிரி ஆட்டுத? நடுவுல ஒரு வெட்டு வேற. அடுத்த வருஷம் இந்தப் பக்கம் வந்துராத."

தாஹிர் வயரைச் சுருட்டினான். என்னைப் பார்க்கவும் இல்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை.

"அவன ஏசாதீரும். பென் டிரைவ உருவுனது நான்" என்றேன்.

"ஒமக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

படியில் உட்கார்ந்திருந்த மகள் தலையைத் தூக்கினாள். உள்ளங்கை சிவந்திருந்தது, கொப்புளம் இல்லை. செம்பில் தண்ணீரோடு அவளிடம் போனேன்.

"ஒரு எடத்துல காலு இடறிச்சு. முத்தாரம்மா எம்மேல கோவமா இருக்கான்னு நெனச்சுப் பயந்துட்டேன். நீங்கதானாப்பா?"

"ஆமா."

செம்பை வாங்கித் தாஹிர் பக்கம் நீட்டினாள். "அண்ணே, நீங்க எங்கையில ஊத்துங்க" என்றாள்.