கைதட்ட வந்த நாற்பது பேர்

எங்கள் முதலாளி குஞ்ஞுவரீது ஏழு படம் எடுத்தார். ஏழையும் அவரே விநியோகமும் செய்தார். ஏழும் முதல் காட்சியிலேயே ஜனங்களிடம் கேலிக் கூவல் வாங்கி, அன்று சாயங்காலமே படப்பெட்டியோடு திரும்பி வந்தன. எட்டாவது படத்துக்குத் திருச்சூர் தியேட்டர்காரர் தேவஸ்ஸி கறாராகச் சொல்லிவிட்டார்.

"வரீதேட்டா, இந்தத் தடவையும் கூவினாங்கன்னா பெட்டி வெளிய போயிடும். அப்புறம் உங்க படத்த எவனும் தொடமாட்டான், பாத்துக்குங்க."

முதலாளி என்னைத் தனியே இழுத்துப்போனார். "சங்குண்ணி, கூவுற சத்தம் கேக்காத மாதிரி கைதட்ட ஒரு நாப்பது பேரப் புடிச்சுட்டு வாய்யா" என்றார்.

நான் மேனேஜர். என்மேல் பழி போடாதீர்கள். திருச்சூரில் நல்ல கை யாரிடம் இருக்கிறது? கோயில் செண்டை மேளத்துக்கு முன்னால், கொளுத்தும் வெயிலில் மூன்று மணி நேரம் நின்று தாளம் போடுகிற ரசிகர்களிடம்தானே! சாயாவும் பருப்புவடையும் வாங்கித் தருவதாகச் சொல்லி, அச்சுதப் பொதுவாளையும் அவர் கூட்டத்தையும் அழைத்துப்போனேன்.

கதாநாயகன் திரையில் வந்தான். பொதுவாள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தட்டுத் தட்டினார். நாற்பது பேரும் தட்டினார்கள், மேளக் கணக்கில், நிதானமாக. அதற்கப்புறம் நிறுத்தவே இல்லை. கதாநாயகனின் அம்மா செத்தாள், அதற்கும் தட்டினார்கள். கூவ வந்தவன்களும் இந்த ஊர்க்காரன்கள்தானே, தாளம் காதில் விழுந்தால் கை சும்மா இருக்குமா? இடைவேளைக்கு ஒருத்தன்கூட எழுந்திருக்கவில்லை.

படம் முடிந்துவிட்டது. மேளம் முடியவில்லை. தேவஸ்ஸி விளக்கைப் போட்டுக் கத்தினார்.

"எழுந்திருங்கய்யா, அடுத்த காட்சி இருக்கு!"

"இப்பத்தான் வேகமே எடுக்குது, பாதியில விட்டா பாவம்" என்றார் பொதுவாள், கண்ணைத் திறக்காமல்.

வெளியே மேட்னிக்கு வந்தவர்கள் நின்றிருந்தார்கள். உள்ளேயிருந்து வருகிறவனிடம் "படம் எப்படி?" என்று கேட்காமல் எங்கள் ஊரில் யாரும் டிக்கெட் எடுக்கமாட்டார்கள். இங்கேயோ யாருமே வெளியே வரவில்லை!

"டேய், முடிஞ்ச பிறகும் எவனும் எழுந்திருக்க மாட்டேங்கிறான்னா, படம் எப்படி இருக்கணும்!" என்றான் ஒருவன். அவ்வளவுதான், கவுண்டரில் அடிதடி. ஐந்தே நிமிடத்தில் அத்தனை டிக்கெட்டும் காலி.

முக்கால் மணி நேரம் கழித்து, வியர்வையில் குளித்து, உள்ளங்கை சிவக்க வெளியே வந்தார்கள். "அந்தக் கடைசி அரைமணி இருக்கே, அடடா!" என்று ஒருவன் சொல்ல, வரிசையே கும்மாளம் போட்டது.

தேவஸ்ஸி முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டார். "பெட்டி ரெண்டு வாரம் இங்கயே கெடக்கட்டும், வரீதேட்டா."

முதலாளி பொதுவாளிடம் ஓடினார். "பொதுவாளேட்டா, படம் எப்படி?"

"எந்தப் படம்?"

முதலாளி அவரை அப்படியே கட்டிக்கொண்டு அழுதுவிட்டார். "கேட்டியா சங்குண்ணி? எட்டுப் படத்துல, பாத்துட்டு என்னைத் திட்டாமப் போற மொத ஆளு இவருதான்!"