வேலி தாண்டிய சோறு

மகள் ஒரு தட்டுச் சோறு தின்பதற்குக் கலியாணசுந்தரம் சொன்ன விலை நாலு பவுன் சங்கிலி. ஜப்பான்காரன் ஆட்சியில், மலாக்காவின் காஜா பேராங்கில், நாலு பவுனை நீட்டினால் ஒரு மூட்டை அரிசி வரும். அதைச் சுமந்துவர ஆள் வருவான். அந்த ஆள் வருவதைக் கண்டும் காணாமல் நிற்க ஒரு காவல்காரரும் வருவார். அப்பேர்ப்பட்ட சங்கிலியை ஒரு மளிகைக்கடைக்காரர், தன் வீட்டுச் சோற்றைத் தன் வீட்டுப் பிள்ளை தின்பதற்காக எடுத்து வைத்தார் என்றால், அவருக்கு வியாபாரம் தெரியாது என்று அர்த்தமில்லை. மற்ற வழியெல்லாம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

"தட்டு காலியாகணும். ஒரு மாசம். அப்புறம் இது உன் கழுத்துக்கு," என்றார்.

சந்திரமதிக்குப் பதினேழு வயது. சங்கிலியை அவள் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "சரிப்பா," என்றாள்.

அங்கேதான் அவருக்கு முதல் உறுத்தல். காய்ந்த மிளகாய் வாங்க வருகிறவர்கூட ஒரு தடவையாவது முகத்தைச் சுளித்து விலையைக் குறைக்கப் பார்ப்பார். கேட்டவுடன் சரி சொல்கிற ஆள் ஒன்று பணத்தில் புரள்கிறவர். இல்லையென்றால், கொடுக்கப்போவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டவர்.

தட்டு என்னவோ காலியாகத்தான் வந்தது. நக்கித் துடைத்தது போல வந்தது. பிள்ளைதான் இன்னும் இளைத்துக்கொண்டே போனாள். கொடியில் காயப்போட்ட மாதிரி சட்டை அவள்மேல் ஆடியது.

அந்தச் சட்டையே அவருடையதுதான். ஜப்பான் பட்டாளம் மலாக்காவுக்குள் வந்து இறங்கிய வாரம், மகளின் முடியைக் கழுத்தோடு வெட்டி, தன் பழைய சட்டையை மாட்டிவிட்டு, "கொஞ்சமாத் தின்னு தாயி. எலும்பும் தோலுமா இருந்தா எவனும் திரும்பிப் பாக்கமாட்டான்," என்று சொன்னவரும் அவரே. பெண்பிள்ளை இருந்த வீடுகளில் அப்போது ஆளுக்கொரு தந்திரம். சிலர் முகத்தில் கரி பூசிவிட்டார்கள், சிலர் அவசரக் கல்யாணம் பண்ணினார்கள். கலியாணசுந்தரம் தன் சரக்கை விலைபோகாத சரக்காக்கினார். அவள் கன்னம் ஒட்டியபோது, "பலே, இனி இனாமாக் குடுத்தாலும் எவனும் தூக்கமாட்டான்," என்று சிரிக்கக்கூடச் செய்தார்.

மற்ற வீட்டுப் பெண்கள் நாளடைவில் கரியைக் கழுவிக்கொண்டார்கள். சந்திரமதியால் முடியவில்லை. மரவள்ளிக்கிழங்கு மட்டுமே இருந்த நாளிலும் பசிக்கவில்லை என்றாள். தப்பித்தவறி அரிசி கிடைத்த நாளிலும் பசிக்கவில்லை என்றாள். பூச்சிமருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்கள். அந்தத் தேங்காயையும் அவள் தொடவில்லை. கடைசியில்தான் சங்கிலி.

இப்போது தட்டு காலி, பிள்ளையும் காலி. நடுவில் யாரோ தரகு அடிக்கிறார்கள் என்று கலியாணசுந்தரத்துக்குத் தோன்றியது. அவர் கண் முதலில் மனைவி சாரதாம்பாள் மேல் விழுந்தது.

"ஏண்டி, அகப்பையில பாதி போட்டுட்டு முழுசுன்னு சொல்றியா?"

"என்னையும் உங்க படிக்கல்லு மாதிரி தட்டிப் பாக்குறீங்களா? கடைத் தராசக் கொண்டாந்து அடுப்படியில தொங்கவிடுங்க. வேணும்னா நானே ஒரு பக்கம் ஏறி உக்காந்துக்கிறேன்."

"அப்ப சோறு எங்க போவுது?"

"வயித்துக்குள்ளதான் போவும்."

"வயித்துக்குப் போன சோறு கன்னத்துக்கு வரணுமே. வழியில யாரு எறக்கிக்கிறா?"

சாரதாம்பாள் வாய்ச்சண்டையில் சளைக்கிறவள் அல்ல. ஆனால் அன்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நேத்து குளிக்கையில முதுகப் பாத்தேங்க. ஒவ்வொரு எலும்பையும் எண்ணலாம். எந்திரிச்சா கண்ணு இருட்டுதாம், செவுத்தப் புடிச்சிக்கிட்டு நிக்கிறா. இப்படியே போனா நம்ம பிள்ள பொங்கலுக்கு இருக்கமாட்டாளுங்க."

அந்த வார்த்தை அவரைக் கடையில் உட்காரவிடவில்லை. கூடவே சந்தேகமும் குட்டி போட்டது. மத்தியானம் சாப்பிட்டதும் சந்திரமதி தட்டைத் தானே எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போகிறாள். அம்மாவைக் கழுவவிடுவதில்லை. ஏன்? இவள் தின்னாத சோற்றை வேறு யாரோ தின்கிறான். யார்? காதலனாக இருந்தால் பரவாயில்லை, இரண்டு அறை விட்டுப் பந்தல் போட்டுவிடலாம். ஜப்பானை எதிர்த்துக் காட்டுக்குள் பதுங்கியவர்களில் ஒருவனாக இருந்தால்? சோறு கொடுத்த வீடு என்று ஒரு சொல் ராணுவப் போலீஸின் காதில் விழுந்தால் போதும், வீட்டோடு அள்ளிக்கொண்டு போவார்கள்.

அதன்பிறகு அவருக்குக் காண்பதெல்லாம் தடயமாகிவிட்டது. கொல்லையில் மிதிபட்ட புல் ஒரு தடயம். நாய் குரைக்காதது ஒரு தடயம். பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டிப் பெண்மணி பாக்கியத்தின் வாத்துகள் ஊர் மெலிந்த காலத்தில் கொழுத்துத் திரிந்ததைக்கூடக் கவனித்தார். பதுக்கல் அரிசியைத் தன்னிடம் வாங்காமல் வேறு எவனிடமோ வாங்குகிறாள் என்று அதற்குத் தனியாக ஒரு மனத்தாங்கல் வைத்துக்கொண்டார்.

ஒரு மத்தியானம், "துக்காங் எமாஸ் வரைக்கும் போயிட்டு வரேன்," என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு முன்வாசலால் போனார். பின்சந்தால் திரும்பி வந்து விறகு அடுக்குக்குப் பின்னால் குந்திக்கொண்டார். பெரிய மனிதர் குந்துகிற இடமா அது? எறும்பு ஏறியது. அசையவில்லை.

சந்திரமதி வந்தாள். சட்டைக்குள்ளிருந்து ஒரு வாழையிலை மடிப்பை எடுத்தாள். வேலியோரம் உட்கார்ந்து, அதிலிருந்த சோற்றை வேலியடியில் வைத்து, நாக்கால் மெல்ல ஒரு சத்தம் கொடுத்தாள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கை நீளும், அதை எட்டிப் பிடித்துவிட வேண்டும் என்று கலியாணசுந்தரம் வேட்டியை வரிந்து கட்டினார்.

நீண்டது ஒரு மஞ்சள் அலகு.

பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் ஒரு குடும்பமே வந்தது. கடனுக்குச் சரக்கு வாங்கப் பழகிய வாடிக்கைக்காரர்கள் போல உரிமையோடு வேலிக்குள் தலையை விட்டன. கலியாணசுந்தரத்துக்குத் தலைக்கு ரத்தம் ஏறியது. நாலு பவுன்! வாத்துக்கு! எழுந்து பாய்ந்திருப்பார். ஆனால் அப்போது மகளின் முகம் கண்ணில் பட்டது.

அவள் வாத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாத்து கழுத்தை நீட்டி விழுங்கியபோது அவள் தொண்டையும் ஏறி இறங்கியது. அது அடுத்த வாய் விழுங்கியது. மறுபடியும் இவள் தொண்டை. வாயில் ஒன்றுமில்லை.

அவர் கோபம் போன இடம் தெரியவில்லை. எழுந்து கிட்டே போனார். நிழல் விழுந்து திரும்பியவள் அவரைக் கண்டு எழப் பார்த்தாள், தள்ளாடினாள். மணிக்கட்டைப் பிடித்தார். கட்டைவிரலும் நடுவிரலும் ஒன்றையொன்று தாண்டிப் போயின.

"சங்கிலிய நீங்களே வச்சிக்குங்கப்பா. நா ஏமாத்திட்டேன்," என்றாள்.

"ஏம்மா? சோறு புடிக்கலியா? பட்டாளத்துக்குப் பயமா?"

"முதல்ல பயந்தான். நீங்க சொன்னதத்தான் செஞ்சேன். இப்ப அது இல்லப்பா. இப்ப... சாப்பிட்டா உள்ளுக்குள்ள யாரோ திட்டிக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்கு. பட்டினி கெடந்தாத்தான் அந்தச் சத்தம் அடங்குது. பசிக்கலன்னு சொன்னதெல்லாம் பொய்யி. எப்பவும் பசிக்குது. சோத்துக் கனவுதான் வருது. ஆனா கையி வாய்க்கு வரமாட்டேங்குது."

வேலிக்கு மேலே ஒரு கொண்டை எழும்பியது. பாக்கியத்துக்குச் சாமி பெயர்களைத் தவிரத் தமிழ் அவ்வளவாக வராது. பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் வேரூன்றிவிட்ட செட்டிகள், வீட்டில் அவர்களுக்கு மலாய்தான். கலியாணசுந்தரம் சந்தை மலாயில் வல்லவர். ஆகவே இருவரும் மலாயில் பேசிக்கொண்டார்கள்.

"தவுக்கே, வாத்து என்னோடது. தின்னது உங்க அரிசி. முட்டையில பாதி உங்களுக்குத்தான், எடுத்து வச்சிருக்கேன்," என்றாள் பாக்கியம். கடை முதலாளியை அந்த ஊரில் தவுக்கே என்றுதான் கூப்பிடுவார்கள்.

"தெரிஞ்சே வாங்கித் தின்னவிட்டியா?"

"மொதல்ல உங்க வீட்டுல அரிசி கொட்டிக்கெடக்குதுன்னு வயிறெரிஞ்சேன். அப்புறந்தான் இந்தக் கையப் பாத்தேன். உங்க வீட்டுல சொன்னா அடிப்பீங்கன்னு இவ அழுதா. காசியான்," என்று சந்திரமதியைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். பாவம் என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் அது. "அடிச்சா வாய் தொறக்கும், தவுக்கே. தொண்டை தொறக்காது."

அன்று சாயங்காலம் ஒரு முட்டையை அவித்து, கொஞ்சம் கஞ்சியும் வைத்து, சாரதாம்பாள் மகளை உட்காரவைத்தாள். எதிரே தானும் உட்கார்ந்தாள். பக்கத்தில் கலியாணசுந்தரம். இருவர் கண்ணும் அவள் உதட்டில். கஞ்சி ஆறி ஆடை படிந்தது.

"ஒரே ஒரு வாயிம்மா. அம்மாவுக்காக."

சந்திரமதியின் கண் நிறைந்தது. "ரெண்டு பேரும் என் வாயையே பாக்குறீங்க. சுங்கச்சாவடியில மூட்டையப் பிரிக்கிற மாதிரி. நா எப்படி முழுங்குவேன்?"

சாரதாம்பாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கு எழுந்து போனாள்.

கலியாணசுந்தரம் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். பெரிய வியாபாரங்களைக் கடைக்காரர்கள் துண்டுக்குள்தான் முடிப்பார்கள். இரண்டு பேர் கையையும் துண்டு மூடியிருக்கும். உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஜப்பான்காரன் விலைக்கட்டுப்பாடு போட்டபிறகு, சுவருக்கும் காது முளைத்துவிட்டதால், ஊரில் அரிசியும் சீனியும் துண்டுக்குள்தான் கைமாறின. வாயால் விலை சொன்னால் சாட்சி இருக்கும். விரலுக்குச் சாட்சி இல்லை.

மகள் கையைத் தேடி எடுத்து, இரண்டு கையின் மேலும் துண்டைப் போட்டார்.

"எத்தன வாயின்னு நீயே வெல சொல்லு. பேசவேணாம். அம்மாவுக்குத் தெரியவேணாம், வாத்துக்கும் தெரியவேணாம்."

துண்டுக்குள் அந்தக் கை ஐஸ்கட்டி போலக் குளிர்ந்து கிடந்தது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் அவருடைய ஒரு விரலைப் பிடித்தாள்.

அவர் அவளுடைய ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். பரம்பரைக் குணம், விடவில்லை.

அவள் வெடுக்கென்று கையை இழுத்தாள். அவர் மெதுவாக நாலு விரலுக்கு இறங்கினார். அவள் ஒன்றிலேயே நின்றாள். மூன்றுக்கு வந்தார். அவள் விரல் யோசித்தது. யோசிப்பதை விரலிலேயே கண்டுபிடிக்கும் ஆள் அவர். அசையாமல் காத்தார்.

அவள் அவருடைய மூன்று விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"அநியாய வெல," என்றாள் சன்னமாக.

"எனக்குந்தான் நட்டம்," என்றார்.

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் பக்கத்திலேயே, ஆனால் தெருவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். அதுதான் அவர் வாழ்நாளில் செய்த பெரிய வேலை. எடைபோடும்போது வாடிக்கைக்காரர் விரல் தராசுத் தட்டில் படுகிறதா என்று பார்த்தே வளர்ந்த கண்கள் அவை. சட்டைக்குள் இலை இருக்குமோ? முட்டை மடிக்குப் போகுமோ? கஞ்சியைத் தரையில் ஊற்றித் தேய்த்துவிடுவாளோ? கழுத்து தானாகவே திரும்பப் பார்த்தது. எதிர்வீட்டுக் கூரை ஓடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு கழுத்தைப் பிடித்துவைத்தார்.

கரண்டி கிண்ணத்தில் பட்டது. நின்றது. அவள் மூச்சு வாங்கினாள். மறுபடி பட்டது. அழுதாளா, இருமினாளா, தெரியவில்லை. தெருவில் ஒரு சைக்கிள் போனது. எதிர்வீட்டுக்காரர் கதவைச் சாத்தினார். அடுப்படிக் கதவிடுக்கில் சாரதாம்பாளின் ஒரு கண் தெரிந்தது. கலியாணசுந்தரம் கையை ஆட்டி, போ போ என்றார்.

கிண்ணத்தைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"அப்பா."

"சொல்லு தாயி." திரும்பவில்லை.

"பேசினது மூணு. போனது ரெண்டு."

கிண்ணத்தை எட்டிப் பார்க்கச் சொல்லித் துடித்தது ஒவ்வொரு நரம்பும். அவர் கூரையையே பார்த்தார்.

"சரி. வரவு ரெண்டு," என்றார். "பாக்கி ஒண்ணு."