உடையப்பன் வீட்டு ரெட்டைக்குழல்

பொங்கல் கழிந்த மறுநாள், பிள்ளைகள் இரண்டு பேரும் வீட்டில் இருக்கும்போதே பேசிவிட வேண்டும் என்று உடையப்பன் பீரோவைத் திறந்து துப்பாக்கியை எடுத்தார். கட்டிலில் பழைய வேட்டியை விரித்து அதன்மேல் வைத்தார்.

கல்லலுக்குத் தெற்கே, கண்மாய்க் கரையை ஒட்டிய தோட்டத்து வீடு அவருடையது. துப்பாக்கி அவருடைய அப்பா சேதுபதி காலத்தில் வந்தது. சேதுபதி வலையபட்டியில் ஒரு செட்டியார் வீட்டு நிலங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பம் சென்னைக்குக் குடிபோனபோது, காவலுக்கு வைத்திருந்த ரெட்டைக்குழல் துப்பாக்கியை முறைப்படி அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவருக்குப் பின் லைசென்ஸ் உடையப்பன் பெயருக்கு வந்தது.

காட்டுப்பன்றிக்கு வெடி போட்டதைவிட, கண்மாய்க்கு வெடி போட்டதைத்தான் ஊர் அதிகம் நினைவில் வைத்திருந்தது. மழை நன்றாகப் பெய்து கண்மாய் நிரம்பி மறுகால் போகும் அன்று, உடையப்பன் கரையில் நின்று துப்பாக்கியை வானத்துக்கு நீட்டி ஒரு வெடி போடுவார். சத்தம் கேட்டதும் ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டு, மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலுங்குக்கு ஓடிவரும். அந்த வருடம் இரண்டு போகமும் விளையும் என்று அர்த்தம். தன் அப்பாதான் மழையைக் கொண்டுவருகிறார் என்று மகள் பாண்டீஸ்வரி வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தாள்.

அதெல்லாம் நின்று பல வருடமாகிவிட்டது. இப்போது தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும், முடிந்ததும் திரும்ப வாங்கி வர வேண்டும். துப்பாக்கிக்கு வேறு வேலை இல்லை. போன தேர்தலுக்கு அவர் ஆட்டோவிலிருந்து அதை இறக்க முடியாமல் நின்றபோது, ஒரு போலீஸ்காரர் ஓடிவந்து வாங்கிக்கொண்டார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

"இனி என்னால தூக்கிட்டு அலைய முடியாது. வயசாயிட்டா வாரிசுக்கு மாத்திக் குடுக்கலாம்னு சொல்றாக. சரவணா, உன் பேருக்கு எழுதிக் குடுத்துரட்டுமா?"

மகன் சரவணகுமார், பாண்டீஸ்வரிக்கு இளையவன், பெங்களூரில் வேலை பார்க்கிறான். அவன் துப்பாக்கியைத் தொடவில்லை. அடுக்குமாடி வீடு, கைக்குழந்தை வேறு என்று மெதுவாகச் சொன்னான். மனைவி ரோகிணி வீட்டுக்குள் விடமாட்டாள் என்றான். மதுரையில் துப்பாக்கிக் கடைக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள், விசாரித்துச் சொல்கிறேன் என்றான். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்து, "தப்பா நினைக்காதீகப்பா. எனக்கு அந்தச் சத்தங்கூட சரியா ஞாபகமில்ல" என்றான்.

உடையப்பன் தலையாட்டினார். அவனுக்காகவே இத்தனை வருடம் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தவர், அதைச் சொல்லவில்லை. வேட்டியின் நுனியால் குழலைத் துடைக்க ஆரம்பித்தார்.

பாண்டீஸ்வரிக்கு அந்தச் சத்தம் ஞாபகமிருந்தது. அப்பா போட்ட வெடிகளைவிட, அம்மா போட்டது.

அவள் ஏழாம் வகுப்பு படித்த வருடம் அது. ஐப்பசி அடைமழை. கல்லலுக்குப் போன உடையப்பன், தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டதால் அங்கேயே மாட்டிக்கொண்டார். மதியம் மாட்டைப் பிடித்துவரக் கரைக்குப் போன அம்மா ஆயி, மடைக்குப் பக்கத்தில் கரை கசிவதைப் பார்த்தாள். மண் சரியத் தொடங்கியிருந்தது. ஊர் தூரம், கத்தினால் மழையில் கேட்காது. ஓடிவந்து பீரோவைத் திறந்தாள்.

அதுவரை அவள் துப்பாக்கியைத் தொட்டதில்லை. புருஷன் செய்வதைப் பார்த்திருந்தாள், அவ்வளவுதான். பாண்டீஸ்வரி தோட்டாவை எடுத்துக் கொடுத்தாள். ஆயி கரைமேல் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, மேலே பார்த்துச் சுட்டாள். உதைத்த உதையில் சேற்றில் மல்லாந்து விழுந்தாள். எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மறுபடியும் சுட்டாள். ஒரு வெடி என்றால் சந்தோஷம்; இரண்டு வெடி ஊர் கேட்டதில்லை. ஆம்பளை பொம்பளை எல்லாரும் மண்வெட்டியோடு ஓடிவந்தார்கள். பனந்துண்டங்களையும் மண் மூட்டைகளையும் போட்டு, பொழுது சாய்வதற்குள் கரையை நிறுத்திவிட்டார்கள். ஆயியின் தோள் பல நாள் நீலம் பாரித்துக் கிடந்தது.

லைசென்ஸ் இல்லாதவள் சுட்டாள் என்று தெரிந்தால் துப்பாக்கி போய்விடும். வழக்கும் வரும். உடையப்பன் வந்து சேர்ந்ததும், தானே சுட்டதாகச் சொல்லிவிட்டார். ஓடிவந்தவர்களுக்கு உண்மை தெரியும். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. வருடாவருடம் கோயில் திருவிழாவில், கரையைக் காத்தவர் என்று அவர் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். அவர் குனிந்த தலை நிமிராமல் கட்டிக்கொண்டு வருவார். வாசலிலேயே நின்று ஆயி சிரிப்பாள். "சுட்டவரு வாராக, வழி விடுங்க" என்பாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகு அவர் பரிவட்டம் கட்டிக்கொள்ள மறுத்துவிட்டார்.

"அப்பா" என்றாள் பாண்டீஸ்வரி. "அவன்கிட்ட கேட்டீக. என்கிட்ட கேக்கவே இல்லையே?"

உடையப்பன் நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு எதுக்குத்தா இது?"

"அம்மா சுட்டதுப்பா. கடையில கொண்டு போட என்னால ஆகாது."

அவர் குழலைத் துடைப்பதை நிறுத்தினார். மாப்பிள்ளை என்ன சொல்வாரோ என்று மட்டும் கேட்டார். மாப்பிள்ளை அழகுராஜா டவுனில் செக்காலை ரோட்டில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர்; வீடும் அங்கேதான். விஷயத்தைக் கேட்டு முதலில் சிரித்தார். அந்த வாரமே கனமான இரும்பு லாக்கர் ஒன்று வாங்கிவந்து சுவரோடு பதித்தார்.

பெயர் மாற்றம் சுலபமாக நடக்கவில்லை. சிவகங்கை கலெக்டர் ஆபீசுக்குப் பலமுறை அலைந்தார்கள். துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி எடுத்த சான்றிதழ் வேண்டும் என்றார்கள். பாண்டீஸ்வரி ரைபிள் கிளப்பில் போய்ச் சேர்ந்தாள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுவில், புடவைக்கு மேல் கணவரின் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றாள். துப்பாக்கிக் கட்டையைத் தோளில் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று சொல்லியும், முதல் வெடிக்குத் தளர்த்திவிட்டாள். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தபோது வலது தோளுக்குக் கீழே நீலமாக இருந்தது. அம்மாவுக்கு இருந்த அதே இடம். அதை அமுக்கிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அழகுராஜா தைலம் எடுத்து வந்தபோது, வேண்டாம், தானாகப் போகட்டும் என்றாள்.

கடைசியாகப் போலீஸ் விசாரணை. இன்ஸ்பெக்டர் இளவயதுக்காரர். அப்பாவையும் மகளையும் எதிரில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். எதற்குத் துப்பாக்கி என்றதற்கு, அப்பாவின் கடலைக் கொல்லையை இப்போது தான்தான் பார்ப்பதாகவும், பன்றித் தொல்லை இருப்பதாகவும் பாண்டீஸ்வரி சொன்னாள். பிறகு அவர் உடையப்பனிடம், "இத்தனை வருசத்துல உங்களத் தவிர வேற யாராச்சும் இதை எடுத்துச் சுட்டிருக்காகளாய்யா?" என்று கேட்டார்.

பாண்டீஸ்வரி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். 'இல்லை' என்று சொல்லிவிட்டால் போதும். முப்பது வருடமாகச் சொல்லிவந்த பதில்தானே.

உடையப்பன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க வீட்ல ஒருத்தி சுட்டா" என்றார். "ரெண்டு வெடி. ஒரு ஊரே பொழைச்சுச்சு. இப்ப அவ இல்ல."

பிறகு, கேட்காமலே முழுவதையும் சொன்னார். மழை, கரை, தரைப்பாலத்துக்கு அப்பால் தான் நின்ற நிலை, வெடிச்சத்தம் தனக்குக் கேட்காமல் போனது வரைக்கும். பாண்டீஸ்வரி அவர் வாயிலிருந்து அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை. இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் தண்ணீர் டம்ளரை உடையப்பன் பக்கம் நகர்த்தினார். தன்னுடைய அம்மாவும் கண்மாய்க்கரை ஊர்தான் என்றார். பேனாவைத் திறந்து, அதை எழுதாமலே அடுத்த கேள்விக்குப் போனார்.

ஆடி பிறந்ததும் லைசென்ஸ் வந்தது. துப்பாக்கி செக்காலை வீட்டு லாக்கருக்குப் போனது. தோட்டத்து வீட்டில் பீரோ காலியாக இருப்பதைப் பார்த்து அப்பா இடிந்துபோவாரோ என்று பாண்டீஸ்வரி பயந்தாள். அவரோ அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்லலில் பஸ் ஏறி, செக்காலையில் வந்து இறங்கினார். மகள் வீட்டில் அதற்குமுன் அவர் சோறு தின்றதே அபூர்வம். "புதுசா வாங்குனவுக சரியாத் துடைக்க மாட்டாக, பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார். மத்தியானம் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு, அவள் துடைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

அதற்கடுத்த வாரமும் வந்தார். அவள் துடைத்துக்கொண்டிருக்கும்போது, தானாகப் பேச ஆரம்பித்தார்.

"கல்யாணமான புதுசுல உங்கம்மா இது இருக்கிற ரூமுல படுக்க மாட்டேன்னுட்டா. வருசம் முழுக்க மாட்டுக் கொட்டகையில கொண்டுபோயி தொங்கவிட்டேன்."

"நீங்க என்ன சொன்னீக?"

"நான் என்னத்தச் சொல்ல? மாட்டுக்குக் காவலுன்னு எங்கப்பாகிட்டச் சொல்லிட்டேன். அவரும் நம்பிட்டாரு" என்றார் உடையப்பன். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்று அவர் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பவில்லை. பாண்டீஸ்வரி பாய் எடுத்துப் போட்டாள்.