பாலத்தில் ஏறியவர்

தாம்சுயி ஆற்றுப் பாலத்தின் நடுவில் வண்டிகள் அசையாமல் நின்றபோதுதான் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏற ஆரம்பித்தது. அதுவரை தேவலை என்றிருந்தது டாக்சி. யூ-ச்சின் ஏசியை நிறுத்திக் கண்ணாடிகளை இறக்கினாள். மதிய வெயில் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

பின்னிருக்கையில் ஹுய்-ரூ. மடியில் அப்பாவின் படம், கையில் புகையும் ஊதுபத்தி. பாலத்துக்கு முந்தைய முச்சந்தியில் ஆறு நாள் முன்பு லாரி மோதி இறந்துபோனவர் அவர். சற்றுமுன் அந்த இடத்திலேயே பூசாரி பெயர் சொல்லி அவரைக் கூப்பிட்டாயிற்று. இனி வீடுவரை கூட்டிப்போவது மகள் பொறுப்பு. பாலம் தாண்டும்வரையாவது ஊதுபத்தி அணையக் கூடாது. ஒவ்வொரு திருப்பத்தையும், முக்கியமாகப் பாலத்தை, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இறந்தவருக்கு வழி தெரியாது. நின்ற இடத்திலேயே நின்றுவிடுவார். விடிந்தால் ஏழாம் நாள், அதற்குள் அவர் வீடு வந்து சேர வேண்டும். நடக்க முடியாத அம்மா வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருக்கிறாள்.

"அக்கா, வண்டி ஏன் இப்படி நாறுது?"

"சூடாயிருச்சு கண்ணு. பயப்படாத. ஹீட்டரப் போட்டா எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் இழுத்துக்கும். நமக்குத்தான் வேகும்."

இருபது வருஷம் பட்டறையில் கை கறுத்தபிறகு டாக்சி ஓட்ட வந்தவள் யூ-ச்சின். ஹீட்டரை முழுக்கத் திருப்பினாள். அடுப்பு வாய் மாதிரி அனல் வரவேண்டும். வந்ததோ ஜில்லென்ற காற்று. கிணற்றுக்குள் குனிந்தாற்போல் முகத்தில் அடித்தது.

தண்ணீர் குறைந்திருந்தால் அப்படி வரலாம்தான். வண்டியை ஓரங்கட்டி, முன்மூடியைத் தூக்கினாள். வெண்புகை குபீரென்று எழுந்தது. பக்கத்துத் தடத்தில் ஸ்கூட்டர்க்காரன் ஒருவன் பல்லைக் காட்டினான்.

"என்னக்கா, நடுப்பாலத்துல பாவ் கொழுக்கட்டை அவிக்கிறியா?"

"ஆமாடா. வெந்ததும் மொதல்ல உன் வாயிலதான் திணிப்பேன், போ."

பக்கத் தொட்டியில் தண்ணீர் கோட்டுக்குக் குறையவில்லை. மூடியோரம் ஆவி சீறியதே தவிர, குழாய்கள் எதிலும் கசிவில்லை. சாவியைத் திருப்பிப் பார்த்தாள். இவ்வளவு கொதிப்பில் சுற்றியாக வேண்டிய விசிறி செத்த மாதிரி கிடந்தது. ஓடும்போது எதிர்க்காற்று குளிர்விக்கும், நின்றால் விசிறிதான் கதி. நோய் பிடிபட்டுவிட்டது. ஆனால் தண்ணீர் சரியாக இருக்கும்போது ஹீட்டரில் அந்தக் குளிர் எங்கிருந்து வந்தது?

அப்போதுதான் உள்ளேயிருந்து டிங், டிங் என்று மணி கேட்டது. முன்னிருக்கையில் உட்கார்ந்தவர் பெல்ட் போடவில்லை என்கிற மணி. அந்த இருக்கையில் ஒரு காகிதம்கூடக் கிடையாது.

அந்தப் பக்கக் கதவைத் திறந்தாள். கால்மிதி சொதசொதவென்று நனைந்திருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தாள். எஞ்சின் தண்ணீர் என்றால் இனிப்பு வாடை, விரலில் வழுக்கும். ஏசி தண்ணீருக்கு வாசமே இருக்காது. இதில் ஆற்றுச் சேற்று நாற்றம் அடித்தது.

யூ-ச்சின் நிமிர்ந்து பின்னிருக்கையைப் பார்த்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"கண்ணு, பாலம் ஏறும்போது அப்பாகிட்டச் சொன்னியா?"

ஹுய்-ரூ மடியிலிருந்த படத்தைப் பார்த்தாள். "ஏறும்போது அம்மா போன் பண்ணிட்டாங்க. மறந்துட்டேன். பாதி வந்தப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. 'அப்பா, பாலம் வந்துருச்சு, வாங்க, ஏறுங்க'ன்னேன்."

"பேரு சொன்னியா?"

"இல்லக்கா."

கீழே ஆறு. அதில் மூழ்கிப்போனவர்களிலும் எத்தனையோ அப்பாக்கள்; பெயரில்லாத அழைப்புக்கு யாரும் ஏறலாம்.

ஹுய்-ரூ இரண்டு பத்து யுவான் காசுகளை எடுத்தாள். "அப்பா, முன்னாடி இருக்கிறது நீங்கதானா?" என்று கேட்டுப் படத்தின் மேல் போட்டாள். ஒன்று தலை, ஒன்று பூ விழுந்தால் ஆமாம். இரண்டும் தலை விழுந்தது. மறுபடி போட்டாள். மறுபடியும் இரண்டும் தலை.

"எங்கப்பா பாலம் ஏறாம அங்கயே நிக்கிறாருக்கா! இதுதான் கடைசிப் பத்தி, விரல் நீளம்கூட இல்ல."

"வண்டியத் திருப்ப முடியாது. நீ நடைபாதையில ஓடு. பாலம் தொடங்குற எடத்துல நின்னு முழுப் பேரு, வீட்டு விலாசம் எல்லாம் சொல்லிக் கூப்பிடு. அதுக்குள்ள நான் இதைச் சரிபண்றேன்."

அவள் பத்தியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு ஓடினாள்.

யூ-ச்சின் முன்னிருக்கைப் பக்கம் போய்க் கதவை அகலத் திறந்தாள். தன் வெற்றிலைப்பாக்குப் பொட்டலத்திலிருந்து ஒன்றை எடுத்துப் பாலத்தின் கைப்பிடிச் சுவர்மேல் படையலாக வைத்தாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. சின்னப் பொண்ணு, தெரியாமக் கூப்பிட்டிருச்சு. இது உங்க வீட்டுக்குப் போற வண்டியில்ல. இறங்கிக்குங்க."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவளும் தலை குனிந்து நின்றுகொண்டே இருந்தாள். ஏதோ யோசிப்பதுபோல் இடைவெளி விட்டு ஒரு தடவை அடித்தது. பிறகு நின்றது. இருக்கையின் பஞ்சு மெல்ல மேலெழும்பிச் சமமானது.

யூ-ச்சின் ஃபியூஸ் பெட்டியைத் திறந்தாள். விசிறிக்கு மின்சாரம் விடும் ரிலே, கால் பக்கம் கருகியிருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு, அதே அளவான ஹாரன் ரிலேயை அங்கே செருகினாள். ஹாரன் இல்லாமல் வீடு போய்ச் சேரலாம். விசிறி ஒரு முனகலோடு சுற்றத் தொடங்கியது. ரிலே இன்றைக்குக் கருகாமல் போயிருந்தால் இந்நேரம் யாரை அந்த அம்மாவின் வாசலில் இறக்கியிருப்போம் என்று நினைத்தவள் காலியான முன்னிருக்கையை இன்னொரு தடவை பார்த்தாள்.

ஹுய்-ரூ மூச்சிரைக்க வந்தாள். பத்தி சுண்டுவிரல் நகம் அளவு மிஞ்சியிருந்தது. "கோ தியென்-ஃபூ, எங்கப்பா, வந்துட்டீங்களா?" காசு விழுந்தது. ஒன்று தலை, ஒன்று பூ.

முள் பாதிக்கு இறங்கி, நெரிசலும் நகர்ந்ததும் வண்டி கிளம்பியது. ஹீட்டரில் இப்போது நெருப்புக் காற்று வீசியது. இருவருக்கும் வியர்வை வழிந்தது. யாரும் அதைக் குறைக்கச் சொல்லவில்லை.

"அக்கா, அந்த ஆளு?"

"அவங்க வீட்டுலயும் யாராச்சும் பேரு சொல்லிக் கூப்பிடணும் கண்ணு."

"அப்பா, பாலம் இறங்குறோம்," என்றாள் ஹுய்-ரூ. "அப்பா, எடது பக்கம் திரும்பப் போறோம்." அவள் சொல்லி முடிக்கும்வரை, பின்னால் எத்தனை வண்டிகள் அலறினாலும், யூ-ச்சின் திருப்பவில்லை.