பின்னறையின் நாலு மணிச் சத்தம்

தனியாக வாசிக்க வந்த முதல் நிகழ்ச்சியில், டிரம்மரின் குச்சி டிரம்மைத் தொடுவதற்கு அரை நொடி முன்பே சத்தம் வந்துவிட்டது. அன்று அரங்கில் எழுநூறு பேர். டிக்கெட் விலை சினிமா டிக்கெட்டைப் போல மூன்று மடங்கு. முதல் வரிசைக்காரர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள், இரண்டாம் வரிசைக்காரர்கள் முதல் வரிசைக்காரர்களைப் பார்த்தார்கள், இடைவேளைக்குள் ‘டேப் போட்டு ஏமாத்துறான்’ என்ற பேச்சு கழிவறை வரிசை வரைக்கும் போய்விட்டது. நாடு முழுக்கப் பேர்போன ராக் குழுவில் பதினோரு வருடம் வாசித்தவர் அவர். அங்கே அவருக்குக் ‘கடிகாரம்’ என்று பட்டப்பெயர். ஒரு தடவைகூடத் தாளம் பிசகாதவர் என்று குழுவே கூடி வைத்த பெயர் அது. அந்தப் பெயரை நம்பித்தான் எழுநூறு பேரும் வந்திருந்தார்கள்.

குழுவில் இருந்த காலத்திலும் சத்தம் முந்தித்தான் வந்துகொண்டிருந்தது. கண்ணிமைக்கிற நேரம்தான் என்பதாலும், மூன்று கிதார்களும் பாடகரின் தொண்டையும் சேர்ந்து போட்ட இரைச்சலாலும் கேட்பவர்களுக்கு அது தெரியவில்லை. பாடகருக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. “கடிகாரம் ஓவரா ஓடுது” என்று அவர் எல்லோர் முன்னாலும் சொல்ல, டிரம்மர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் குழுவை விட்ட கதை இவ்வளவுதான். பத்திரிகைகள் எழுதிய மற்ற காரணங்களில் பாதி பாடகரே சொல்லி எழுத வைத்தவை என்று கேள்வி. உண்மை தெரிந்தவர் ஒலிப்பதிவாளர் ஒருவர்தான், ஆனால் அவரும் அதைத் தப்பாகத் தெரிந்துவைத்திருந்தார். தன் இயந்திரத்தில்தான் கோளாறு, வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்து, நான்கு ஆல்பங்களிலும் டிரம் பதிவான நாடாவின் தலையில் நகக்கண் அளவு வெற்று நாடாவை ஒட்டி, காதும் காதும் வைத்தாற்போல் சரிசெய்து வந்தார். ஒவ்வொரு வருடமும் நகக்கண் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போனதை அவர் தன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

தனி வாசிப்பில் மறைத்துக்கொள்ள கிதாரும் இல்லை, நாடாவும் இல்லை. முதல் வருடம் அரை நொடி. இரண்டாம் வருடம் ஒரு கோப்பை காபி குடித்து முடிக்கிற நேரம். அவர் மேடைக்கு வருவதற்குள் வாசிப்பு ஓடத் தொடங்கியிருக்கும், கடைசிப் பத்து நிமிடம் சத்தமே இல்லாமல் வியர்க்க வியர்க்க அடித்துக்கொண்டிருப்பார். ரசிகர் சங்கம் ஒரு மின்பணியாளரையும் ஒரு வக்கீலையும் ஒரு பள்ளிக்கூடப் பாட்டு வாத்தியாரையும் சேர்த்து விசாரணைக் குழு அமைத்தது. அவர்கள் டிரம்மின் தோலைப் பிரித்துப் பார்த்ததில் உள்ளே ஒரு சட்டைப் பித்தானும் ஒரு செத்த பூச்சியும் கிடைத்தன. ஒலிப்பதிவாளர் தானாக முன்வந்து, கையில் எடுத்துவந்த நாடாத் துண்டுகளைக் காட்டி நடந்ததைச் சொன்னார். டிரம்மர் எவ்வளவு கொடுத்தார் என்று வக்கீல் அவரைக் கேட்டார். மூன்றாம் வருடம் இடைவெளி ஒரு முழு நாளாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை நிகழ்ச்சி என்றால் திங்கட்கிழமையே பூட்டிய அரங்குக்குள் அது கேட்டது. ஜனங்கள் வாசல்படியில் உட்கார்ந்து ஓசியில் கேட்டுவிட்டு, டிக்கெட் வாங்கிய சிலர் மட்டும் மறுநாள் வந்து கூச்சல் போட்டார்கள். அரங்க முதலாளி இரண்டு நாள் வாடகை கேட்க ஆரம்பித்ததும் டிரம்மரின் தனி வாசிப்பு முடிவுக்கு வந்தது.

அவர் மனைவி ஒரு தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. இருபது வருடமாகக் காலால் மிதிக்கிற மிஷின், சுவரோரம் துணிச் சுருள்கள் அடுக்கிய உயரமான அலமாரி, காலர் வைப்பதில் கைதேர்ந்தவர் என்ற பெயர். குழுவின் மேடைக் கோட்டுகளுக்கு அளவெடுக்கப் போன இடத்தில்தான் இருவருக்கும் பழக்கம். தோளில் அளவு நாடாவை வைத்தபோது இந்த ஆள் மட்டும் விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தார், அளவு இரண்டு தடவை தப்பியது. தனி வாசிப்பின் முதல் நிகழ்ச்சியில் மனைவியும் மூன்றாம் வரிசையில் இருந்தார். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்.

“உண்மையைச் சொல்லுங்க. டேப்பா?”

“உன் மேல சத்தியமா இல்ல.”

“என் மேல எதுக்கு? உங்க மேலயே பண்ணுங்க.”

தன் மேலேயும் பண்ணினார். அவருக்கு ஊர் நம்பாதது வலிக்கவில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் மனைவி நம்பாதது அதைவிட வலித்தது. மூன்றாம் வருடம் அரங்கமும் கைவிட்டதும், இனி குச்சியைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தார். டிரம்களைப் பின்னறையில் போட்டு, மேலே பழைய படுக்கை விரிப்பால் மூடி, பூட்டிச் சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, கடையில் பித்தான் தைக்கவும் இஸ்திரி போடவும் உட்கார்ந்துகொண்டார். பித்தான் உறுதியாகத்தான் இருந்தது என்று வாடிக்கையாளர்களே சொன்னார்கள்.

எட்டாவது நாள் சாயங்காலம் நாலு மணிக்குப் பின்னறையில் டிரம் சத்தம் கேட்டது. மனைவி மிஷினை நிறுத்திவிட்டு எதிரே பார்த்தார். கணவர் வாயில் நூலைக் கடித்தபடி ஒரு நீலச் சட்டையில் மூன்றாம் பித்தானைத் தைத்துக்கொண்டிருந்தார். சாவி மனைவியின் இடுப்பில். போய்த் திறந்தால் விரிப்பு மூடியபடியே இருக்கிறது, உள்ளே சத்தம் மட்டும் நடக்கிறது. மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தடவையும் நின்றுபோய், நாலாம் தடவை ஒருவாறு ஓடியது. நாளைக்கு வாசிக்கப்போகிறார், அதுதான் இன்று கேட்கிறது என்று நினைத்து, மறுநாள் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் இருந்தார். கணவர் இருபத்திரண்டு பித்தான் தைத்தார், வேறு ஒன்றும் செய்யவில்லை. நாலு மணிக்கு மறுபடி சத்தம் வந்தது. அடுத்த வாரமும் வந்தது. என்றைக்கோ வாசிக்கப்போவது இன்றைக்குக் கேட்கிறது, அந்த ‘என்றைக்கோ’ எப்போது என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. தொட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவர் ஒருநாள் தொடத்தான் போகிறார் என்று மனைவி குறித்துக்கொண்டார்.

இது இத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. தினமும் கேட்கக் கேட்க மனைவிக்குக் காது பழகிவிட்டது. கை அவர் கணவருடையதுதான், அந்தத் தட்டல் மேஜை மேல் கேட்ட காலத்திலிருந்தே தெரியும். ஆனால் பெரிய டிரம்மை மிதிக்கிற கால் அவருடையது இல்லை. கணவரின் கால் குத்தும், இந்தக் கால் ஓடியது. நீளமாக, ஒரே சீராக ஓடி, திடீரென்று ஓரிடத்தில் நின்று, அரை மிதி மிதித்து, மறுபடி ஓடியது. எந்த டிரம்மரும் அப்படி மிதிக்க மாட்டான். கூட யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், அதுவும் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரே டிரம்மில் இரண்டு பேர் வாசிக்க வேறு வழி கிடையாது.

“யாருங்க அவ?” என்று ஒருநாள் கேட்டார், தைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தாமல்.

“எவ?”

“கால் யாரோடதுன்னு கேக்குறேன்.”

டிரம்மர் காது கொடுத்துக் கேட்டார். முகத்தில் ஈ ஆடவில்லை. “எனக்குத் தெரியலம்மா. என் கால் இல்ல அது” என்றார். அவர் பொய் சொல்லத் தெரியாதவர் என்பது அன்றைக்கு அவருக்கே எதிராகப் போயிற்று. அதன் பிறகு மனைவி கடைக்கு வருகிற பெண்களுக்கு இடுப்பளவு எடுக்கும்போதே காலையும் பார்க்க ஆரம்பித்தார். பேங்கில் வேலை பார்த்த ஒருத்தி உட்கார்ந்தபடி பாதத்தை ஆட்டினாள் என்பதற்காக அவளுடைய பாவாடையைப் பாதியில் திருப்பிக் கொடுத்த விஷயம் தெருவுக்கே தெரியும். டிரம்மருக்கோ வேறு சந்தேகம். வரப்போகிற யாரோ ஒருவன் தன் இடத்தில் காலை நீட்டிவிட்டு, கையை மட்டும் தனக்கு மிச்சம் வைத்திருக்கிறான் என்று தோன்றியது. இருவரும் ஒரே சத்தத்தைக் கேட்டு இரண்டு பேரை வெறுத்தார்கள்.

டிரம்களைப் பூட்டி வைத்த ஐந்தாம் வருடம் பாடகர் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தார். குழு கலைந்து, தலையும் வழுக்கையாகிவிட்டிருந்தது. பழைய புகைச்சல் போய்விட்டதாகச் சொன்னார், பார்த்தால் அப்படித் தெரியவில்லை. நாலு மணிக்குச் சத்தம் எழுந்ததும் கையைத் தூக்கியபடியே நின்று கேட்டார். “கை நம்ம கடிகாரம். கால் யாரு? நல்லாருக்கே, மனுஷன் மாதிரி மிதிக்கிறாங்க” என்றார். அவர் போன பிறகு மனைவி தன் தலையணையை எடுத்துக்கொண்டுவந்து கடையில் வெட்டு மேஜைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். நாலு வருடம் அது அங்கேயே கிடந்தது. காலர், கை, நூல் நிறம் இவற்றைத் தவிர அந்த வீட்டில் பேச்சு இல்லை. சேர்ந்து சாப்பிட்டார்கள், ஆனால் ஒருவர் தட்டை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

ஒன்பதாம் வருடம் டிரம்மர் துணிச் சுருள் எடுக்க ஏணியில் ஏறி, மேல்தட்டிலிருந்து சுருளோடு சேர்ந்து விழுந்தார். வலது முழங்கால் நொறுங்கியது. மருத்துவர் கம்பி வைத்தார், காலை நீட்டலாம், நடக்கலாம், இனி மிதிக்க முடியாது என்றார். வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு சாயங்காலம் கைத்தடியோடு மனைவியின் முன்னால் வந்து நின்று சாவியைக் கேட்டார். ஒன்பது வருடமாக எதிர்பார்த்த கேள்வி அது. மனைவி அவர் முதுகுக்குப் பின்னால் பார்த்தார், வாசலைப் பார்த்தார், யாரும் இல்லை. சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே போனார், வரப்போகிறவளைப் பிடிப்பதற்காக.

அவர் விரிப்பை எடுத்து மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். குச்சியால் அடித்தார், சத்தம் வரவில்லை. அதை அவர் எதிர்பார்த்துத்தான் இருந்தார். எதிர்பார்க்காதது, மிதிமேல் தூக்கிவைத்த கால் கட்டைபோல் கிடந்ததுதான். கை முன்னே போகும், கால் இல்லாமல் நிற்கும். மறுபடி ஆரம்பித்தார், மறுபடி நின்றார். மூன்றாம் தடவை நின்றபோது குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டார், அழுதார் என்றே சொல்ல வேண்டும். மனைவிக்கு வந்தது இரக்கமா எரிச்சலா என்று அவருக்கே நிச்சயமில்லை. கடையிலிருந்து முக்காலியை இழுத்துவந்து ஒட்டிப் போட்டார்.

“நகருங்க. எங்க மிதிக்கணும்?”

மிதித்தார். அவருக்குத் தெரிந்த மிதி ஒன்றுதான். நீளத் தையலுக்கு ஓடுகிற மிதி. கணவரின் கை அதன் மேல் ஏறிக்கொண்டது. இருபது எண்ணிக்கை ஓடியதும் பழக்கம் விடாமல், காலரின் மூலையில் ஊசியைத் துணியிலேயே நிறுத்தித் துணியைத் திருப்புகிற இடம்போல, கால் நின்றது, அரை மிதி மிதித்தது, மறுபடி ஓடியது. அந்த இடத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மிஷினில் உட்காருகிறவளுக்குக் கண்ணெல்லாம் ஊசி முனையில்தான். தன் மிதியின் சத்தத்தை அவர் இத்தனை வருடத்தில் ஒரு நாளும் காதில் வாங்கியதில்லை.

“நானா?” என்றார்.

“நீதான்” என்றார் டிரம்மர். “நிறுத்தாத.”

அன்றிரவே தலையணை பழைய இடத்துக்குத் திரும்பியது. பேங்குக்காரிக்குப் பாவாடை இனாமாகத் தைத்துக் கொடுக்கப்பட்டது, ஏன் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. தினமும் நாலு மணிக்குக் கடையை அரை மணி நேரம் சாத்திவிட்டு இருவரும் பின்னறையில் ஓசையில்லாமல் வாசிக்கிறார்கள். அவர்கள் வாசிப்பது ஒன்பது வருடத்துக்கு முன்பே கேட்டு முடிந்துவிட்டது. அந்த நேரத்தில் அறையில் கேட்பது இன்னும் ஒன்பது வருடம் கழித்து அவர்கள் வாசிக்கப்போவது. கை கொஞ்சம் நிதானமாகியிருக்கிறது என்று தெருவில் பேச்சு, யாரும் இப்போது அதைக் கேட்டு நிற்பதில்லை, சில வீடுகளில் உலை வைக்க அதுதான் நேரக்கணக்கு. மனைவி மட்டும் நாலு மணி ஆனதும் உடனே உள்ளே போய்விடுவதில்லை. பூட்டின்மேல் கையை வைத்தபடி கதவில் காதை ஒட்டி, கால் மூலைக்கு வந்து நிற்கிறதா, அரை மிதி மிதிக்கிறதா என்று கேட்கிறார். அது தன் கால்தான் என்று நிச்சயமான பிறகே சாவியைத் திருப்புகிறார்.