திட்டு ஃபுல்லா ஆலா

எண்ணூர் முகத்துவாரத்துக்கு வெளியே கடலுக்குள் ஒரு மணல் திட்டு. பறவைகள் முட்டையிடும் மாசங்களில் அங்கே யாரும் கால் வைக்கக் கூடாது என்று வனத்துறை தடை போட்டிருந்தது. காவலுக்கு ஆள் வைத்ததும் அவர்கள்தான். அந்த ஆள் ஹென்றி.

சுனாமிக்குப் பிறகு எட்டிப் பார்க்காத ஆலாப் பறவைகள் அந்த வருஷம் திரும்பி வந்து, மணல் தெரியாமல் அடை உட்கார்ந்திருந்தன. ஹென்றிக்குத் தலைகால் புரியவில்லை. படகில் இருந்தபடியே வனத்துறைக்குப் போன் போட்டான்.

"சார், திட்டு ஃபுல்லா ஆலா கீது சார். கால் வெக்க எடமில்ல."

எண்ணூர் நாக்கில் ல-வும் ள-வும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். கடல் காற்று வேறு. போனை எடுத்த புது ரேஞ்சர் காதில் 'ஆளா கீது' என்று விழுந்தது. உச்சி வெயிலில் லத்தியோடு பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு விசைப்படகில் வந்துவிட்டார்.

"எங்கய்யா அந்தக் கூட்டம்?"

ஹென்றியோடு இருந்த மச்சான் இக்னேஷியஸ் சிரிப்பை அடக்கினான். "அதோ குந்திகினு கீதுங்க சார். லத்தியப் பாத்தும் அசையல பாருங்க."

ஹென்றி தலையைச் சொறிந்தான். "நான் சொன்னது ஆலா சார். பறக்குற ஆலா."

ரேஞ்சர் முகம் சிவந்தது. "சரி, வந்தது வந்தாச்சு. எறங்கிப் பாத்துட்டே போறோம். வழி வுடு."

தாய்ப் பறவைகள் எழுந்தால் இந்த வெயிலில் முட்டையெல்லாம் வெந்துவிடும். வந்ததுகள் அப்புறம் திரும்பவே திரும்பாது. ஹென்றி படகைக் குறுக்கே நிறுத்தி நங்கூரத்தைப் போட்டான்.

"எறங்க வுட முடியாது சார்."

"யார்கிட்ட பேசுறேன்னு தெரியுதா?"

"தெரியுது சார். தட போட்டது நீங்க. என்ன நிக்க வெச்சதும் நீங்க. எங்கப்பனே வந்தாலும் வுடமாட்டேன்."

ரேஞ்சர் அவனை முறைத்தார். பின்னால் ஒருவன் லத்தியைக் கை மாற்றினான். இஞ்சின் சத்தத்துக்கு ஓரத்துப் பறவைகள் நாலைந்து கத்திக்கொண்டு எழும்பின. ரேஞ்சர் அவற்றைப் பார்த்தார்.

"இஞ்சின ஆஃப் பண்ணு," என்றார்.

சத்தம் அடங்கியதும் எழுந்தவை ஒவ்வொன்றாய் இறங்கின. ஒன்று மட்டும் படகோரம் தாழ்ந்து, வயிற்றைக் கடலில் நனைத்து, அந்த ஈரத்தோடு போய் முட்டைமேல் உட்கார்ந்தது. ரேஞ்சர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, வந்த வழியே படகைத் திருப்பச் சொன்னார்.

ஹென்றி திரும்பியபோது கரையில் குப்பமே கூடியிருந்தது. லத்திக்காரர்கள் அவனைப் பிடிக்கத்தான் வந்தார்கள் என்று பேச்சு. அவன் மனைவி எல்சி முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி வந்தாள்.

"இன்னாய்யா பண்ணே?"

"ஒண்ணும் பண்ணல. எறங்க வுடல."

எல்சி புடவையை உதறிச் செருகிக்கொண்டு, கரையில் நின்ற பெண்கள் பக்கம் திரும்பினாள்.

"எறங்க வுடலயாம்," என்றாள், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி.