வெற்றுப் படகில் எடுத்த கணக்கு

நவம்பர் 24.
இன்று ஒரு சின்னத் தவறு கண்ணில் பட்டது. படகைத் தள்ளும் புது விசிறி மாட்டிய பிறகு டீசல் செலவை மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் படகின் தளம் காலி. ‘வழக்கமான பாரத்தோடு அளக்க வேண்டும்’ என்று வகுப்பில் சொன்னதை எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். போட்டும் மறந்திருக்கிறேன். இந்த வாரம் கூண்டுகளை ஏற்றும்போது மறுபடி அளந்தால் போதும். பெரிய விஷயமில்லை என்று நினைக்கிறேன்.

கோரா டீல் பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் அந்தக் கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘என்று நினைக்கிறேன்’ என்பதை அடித்துவிடலாமா என்று தோன்றியது. எதை எழுதினாலும் அதை ஒட்டவைப்பது அவள் வழக்கம். தினமும் குறிப்பு எழுதச் சொன்ன வாத்தியாரே ஒருமுறை, “கோரா, இஞ்சின் ஓடுதா ஓடலையான்னு மட்டும் சொல்லு, போதும்” என்று சிரித்திருக்கிறார். வாரத்தில் இரண்டு மாலை, தீவுப் பள்ளியின் ஒரே அறையில், குழந்தைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, திரையில் அக்கரை வாத்தியார் நடத்தும் படகு இஞ்சின் பாடத்தை அவள் கேட்பாள். கூடச் சேர்ந்த இருவரும் இரண்டாம் வாரமே நின்றுவிட்டார்கள். கோரா நிற்கவில்லை. அவளால் நிற்க முடியாது.

காரணம் அப்பா. போன பருவத்தில் பிடித்த சிங்கி இறாலில் பாதியை டீசலே தின்றுவிட்டது. இறால் பிடிக்கும் கூண்டுகளைக் கரையேற்றிய அன்று அப்பா விர்ஜில் ஈரக் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “இன்னும் ஒரு வருசம் பாப்பேன். இதே மாதிரி குடிச்சா, படகை வித்துட்டு எல்லிஸ்கூடப் போய் ஆணி விக்க வேண்டியதுதான்.” எல்லிஸ் அவருடைய தம்பி, அக்கரையில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். ‘ஆணி’ என்பதை அப்பா துப்புவதுபோல் சொன்னார்.

கோடை முழுவதும் அவள் படகே கதியாகக் கிடந்தாள். அடியில் ஒட்டியிருந்த சிப்பியையும் பாசியையும் சுரண்டி வண்ணம் பூசினாள். யாரும் தொடாத துருப்பிடித்த அடுப்பு, தேவைக்கு மேல் கிடந்த நங்கூரச் சங்கிலி, செத்துப்போன இரண்டு பாட்டரி எல்லாவற்றையும் இறக்கினாள். அடித்தளத்தில் தேங்கும் தண்ணீரைத் தினமும் இறைத்தாள். “மூக்கைத் தூக்கிட்டுப் பறக்காதீங்க, கொஞ்சம் மெதுவாப் போங்க” என்று அப்பாவின் வேகத்தைக் குறைத்தாள். ஒவ்வொன்றுக்கும் டீசல் செலவு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் முழு வேகத்தில் இஞ்சின், அதற்கென்று விதித்த அளவைத் தாண்டிச் சுற்றுவதை அவள் கண்டாள். அப்படியானால் தண்ணீருக்கடியில் படகைத் தள்ளும் விசிறியின் இதழ்கள் போதுமான அளவு தண்ணீரைக் கடிக்கவில்லை என்பது பாடம். இதழின் சாய்வைக் கூட்டினால் அதே சுற்றில் படகு கூடுதல் தூரம் போகும். அக்கரையிலிருந்து சாய்வு கூடிய விசிறி ஒன்றை வரவழைத்தார்கள். காலிப் படகில் அது அருமையாக ஓடியது. அன்று இரவுச் சாப்பாட்டில் அப்பா இரண்டாம் முறை பீன்ஸ் கேட்டு வாங்கிக்கொண்டார். வெகுநாளாக அவர் எதையும் இரண்டாம் முறை கேட்டதில்லை.

அவர்கள் கூண்டுகள் மேற்குக் குடாவில், வீட்டுக்குப் பின்னால் அடுக்கிக் கிடந்தன. பருவம் தொடங்கும் டிசம்பர் முதல் தேதிக்குள் அவற்றைப் படகில் ஏற்றித் தீவைச் சுற்றிக்கொண்டு துறைக்குக் கொண்டுவர வேண்டும். முதல் நடையிலேயே தளம் நிறைந்து, கூண்டுகள் ஆள் உயரத்துக்கு எழும்பின. குடாவைத் தாண்டியதும் கோரா பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

“அப்பா, புகை கறுப்பா வருது.”

“குளிர்ல எல்லா இஞ்சினும் இருமும். உங்கப்பன் இருமல?”

“சுத்தும் ஏற மாட்டேங்குது. பாருங்க, முள்ளு அங்கயே நிக்குது.”

“பாரம் இருக்குல்ல. முதுகுல மூட்டையோட உன்னை ஓடச் சொன்னா ஓடுவியா?”

விசிறிதான் என்று அவளுக்குத் தெரிந்தது. மேட்டில் ஏறும் லாரியைக் கடைசி கியரில் போட்டு மிதிப்பதுபோல இஞ்சின் திணறியது. பழைய விசிறியை மாட்டிவிட்டு மிச்சத்தை ஏற்றலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். நாலு மாதப் பாடத்தை வைத்துக்கொண்டு முப்பது வருடம் கடலில் இருந்தவரிடம் என்ன சொல்வது? அதோடு, தன் சந்தேகம் எதுவுமே இதுவரை சரியாக இருந்ததில்லையே என்று இன்னொரு சந்தேகம். வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் பாரம் இன்னும் கூடியது. கறுப்புப் பாறைத்திட்டுக்கு அருகே நீரோட்டம் எதிர்த்து வந்தது. படகு நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் இருந்தது. பாறை மட்டும் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. விர்ஜில் வேகப் பிடியை முழுக்கத் தள்ளினார். இஞ்சின் அடிவயிற்றிலிருந்து உறுமியது. சுத்தியலால் அடித்ததுபோல் ஒரு சத்தம், இன்னொன்று, பிறகு எதுவுமில்லை. தண்ணீர் பலகையில் மோதுவது மட்டும் கேட்டது.

நங்கூரம் பிடித்துக்கொண்டதால் பாறையில் மோதவில்லை. அடுத்த வீட்டு ரூபென் தன் படகில் வந்து கயிறு வீசினார். ஊரில் யாரையும் வம்பிழுக்காமல் விடாதவர் அவர்.

“என்ன மெக்கானிக்கம்மா, டீசலே ஊத்தாம ஓட்டக் கத்துக்கிட்டீங்களா? இதைவிடச் சிக்கனம் உலகத்துல கிடையாது!”

சொல்லிவிட்டு விர்ஜிலின் முகத்தைப் பார்த்தார். அதன்பின் துறை வந்து சேரும்வரை ரூபென் பேசவில்லை. அவர் பேசாமல் வந்ததைக் கோரா அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

அக்கரையிலிருந்து மெக்கானிக் தபால் படகில் வந்து இஞ்சினைத் திறந்தார். வால்வு கருகி ஒடிந்து உள்ளே விழுந்து பிஸ்டனைத் துளைத்திருந்தது. “பழைய இஞ்சின். அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கு. சமீபத்துல எதாச்சும் மாத்துனீங்களா?”

“இல்ல” என்றார் விர்ஜில், கோரா மூச்செடுப்பதற்குள்.

ஜனவரி பாதிக்குமுன் உதிரிபாகம் வராது என்று சொல்லிவிட்டு மெக்கானிக் போனார். அன்று மாலை துறையில் கேட்டவர்களுக்கெல்லாம் விர்ஜில் ஒரே பதில் சொன்னார்: “டீசல்ல தண்ணி கலந்திருக்கும்போல.” சொல்லும்போது அவர் மகளைப் பார்க்கவில்லை.

அந்தத் தீவில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. டிசம்பர் முதல் தேதி கடலில் கூண்டு இறக்கலாம்; ஆனால் பன்னிரண்டு படகும் தயாராக இருந்தால்தான். ஒருவன் காலை உடைத்துக்கொண்டாலும், ஒரு வீட்டில் சாவு விழுந்தாலும் மற்ற எல்லோரும் காத்திருப்பார்கள். காத்திருக்கிறோம் என்று வாயால் சொல்லவும் மாட்டார்கள். சின்ன வயதில் கோராவுக்கு இதில் தலைகால் புரியாத பெருமை. அக்கரைப் பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி அலுத்ததில்லை.

முதல் தேதி விடிந்தபோது கடல் கண்ணாடிபோல் கிடந்தது. அமெரிக்காவின் மெய்ன் கரையில் டிசம்பரில் அப்படி ஒரு நாள் கிடைப்பது அரிது. ஒரு படகும் இஞ்சினைக் கிளப்பவில்லை. ரூபென் துறையில் நின்று, மேகமே இல்லாத வானத்தைப் பார்த்து, “முட்டி குத்துது. மழை வரும்போல இருக்கு. நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றார். இன்னொருவருக்கு முதுகு சரியில்லை. மற்றொருவர் மனைவிக்குத் தலைவலியாம். அன்று பதினொரு பேருக்கும் எங்கோ ஒரு வலி இருந்தது.

இரண்டாம் நாளும் கடல் அமைதியாக இருந்தது. முட்டி வலி தீரவில்லை. வீட்டு வாசலுக்குப் பாத்திரங்கள் வந்தன: வெல்லப்பாகு ஊற்றி வேகவைத்த பீன்ஸ், மீன் சூப், அடுப்பில் சுட்ட ஆப்பிள் பை. சாவு வீட்டுக்குக் கொண்டுவருவதுபோல் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார்கள். விர்ஜில் கரண்டியால் கிளறிவிட்டு மூடி வைத்தார். யாராவது திட்டினால் சாப்பிட்டிருப்பார் என்று கோராவுக்குத் தோன்றியது.

நான்காம் தேதி அவள் மாவு வாங்கக் கடைக்குப் போனாள். தீவின் ஒரே கடையும் ஒரே டீசல் பம்ப்பும் லூயெல்லாவுடையவை. கடையில் ஆள் இல்லை. பின்பக்கம் டீசல் தொட்டியருகே, உறைந்த தரையில் சாக்கை விரித்து லூயெல்லா மண்டியிட்டிருந்தாள். பக்கத்தில் வரிசையாகக் கண்ணாடிப் பாட்டில்கள். ஒன்றை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தாள். குளிரில் விரல்கள் செத்த மீன்போல் வெளுத்திருந்தன.

“வா கோரா. உனக்குக் கண்ணு நல்லா இருக்கும். இதுல தண்ணி தெரியுதா பாரு.”

“தெரியல.”

“எனக்கும் தெரியல. அதுதான் பயமா இருக்கு. மூணு நாளா பிடிச்சுப் பிடிச்சுப் பாக்கறேன். நேத்து ரெண்டு பேரு அக்கரைலேருந்து டீசல் எடுத்துட்டு வந்தாங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல, தலையைக் குனிஞ்சுட்டுப் போயிட்டாங்க.” பாட்டிலை இறக்கி வைத்தாள். “உங்கப்பன் பொய் சொல்றவன் இல்ல. அப்ப தப்பு எங்கிட்டதான் இருக்கணும். எங்கன்னுதான் தெரியல.”

“டீசல் நல்லாத்தான் இருக்கு, லூயெல்லா.”

“நீ எனக்கு ஆறுதல் சொல்லாத.”

“ஆறுதல் இல்ல. விசிறி மாத்துனோம். நான்தான் மாத்தச் சொன்னேன். பாரம் ஏத்தாம அளந்துட்டு, சரியா இருக்குன்னு சொல்லிட்டேன். பாரம் ஏறினதும் இஞ்சின் தாங்கல.”

லூயெல்லா ஒவ்வொரு பாட்டிலாக மூடினாள். எல்லாவற்றையும் மூடி முடித்தபிறகுதான் பேசினாள். “இதை எங்கிட்ட மட்டும் சொன்னா போதுமா?”

“போதாது.”

“அப்ப இரு. கோட்டு மாட்டிட்டு வரேன்.”

துறைக் கொட்டகையில் எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, ஏற்கெனவே சரியாக இருந்த கயிறுகளை மறுபடி சரிசெய்துகொண்டிருந்தார்கள். விர்ஜில் மூலையில் இருந்தார். கோரா வாசலிலேயே நின்று சொன்னாள். யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. விசிறி, காலிப் படகு, நான் என்ற மூன்றும்தான் வந்தன.

“காலிப் படகுலயா அளந்த?” என்றார் ரூபென்.

“ஆமா.”

“கூண்டு ஒண்ணுகூட இல்லாம?”

“ஒண்ணுகூட இல்லாம.”

யாரோ சிரிக்கத் தொடங்கி, இருமலாக மாற்றிக்கொண்டார். ரூபென் எழுந்து வந்து லூயெல்லாவைப் பார்த்தார். “உன் தொட்டியப் பத்திப் பேசுனதுல நானும் ஒருத்தன். மன்னிச்சுக்க.” பிறகு தன் இடத்தில் போய் உட்கார்ந்து கயிற்றை எடுத்துக்கொண்டார். “நாளைக்கும் என் முட்டி குத்தும்போலதான் இருக்கு.”

மற்றவர்கள் தலையாட்டினார்கள். கோராவுக்கு அந்தத் தலையாட்டல் அறை வாங்கியதுபோல் இருந்தது. பார்த்தால், அப்பா எழுந்து நின்றிருந்தார்.

“உன் முட்டிக்கு ஒண்ணும் இல்ல, ரூபென். நாளைக்குப் போங்க.”

கயிறு பின்னிய கைகள் நின்றன. அப்படி ஒரு வார்த்தையை அந்தக் கொட்டகையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

“என்னப்பா பேசற? நாங்க எத்தனை நாள் வேணும்னாலும்...”

“ஜனவரி வரைக்குமா? பொண்ணு கணக்குத் தப்பு. அது யாருக்கும் வரும். தண்ணின்னு சொன்னது அவ இல்ல, நான். லூயெல்லா மூணு நாளா மண்டி போட்டுக் கிடக்கறா. அதுக்கப்புறம் எனக்காகக் காத்திருந்தீங்கன்னா அந்தக் கூண்டை நான் எந்த மூஞ்சியோட இறக்குறது? ஆறாம் தேதி வடகிழக்குப் புயல்காத்து வருது. நாளைக்குப் போங்க.”

லூயெல்லா அடுப்பில் ஒரு கட்டையைச் செருகினாள்.

வீட்டுக்கு நடக்கும்போது பனித்துகள் விழத் தொடங்கியிருந்தது. மேட்டுக்கு வந்தபிறகு கோரா கேட்டாள்.

“ஏம்ப்பா தண்ணின்னு சொன்னீங்க?”

“இந்தத் தீவுல ஒரு பேரு விழுந்துட்டா கல்லறை வரைக்கும் கூட வரும். நீ சின்னவ. ரொம்ப நாள் சுமக்கணும்.”

“இப்ப விழுந்துருச்சே.”

“ரெண்டு பேருக்கும் விழுந்துருச்சு. உனக்கும் தொணைக்கு ஒரு ஆள் கிடைச்சுது.” அவர் சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது. கதவுப் பிடியில் கை வைத்தபடி, திரும்பாமல் சொன்னார்: “கிறிஸ்மஸ் கழிச்சு எல்லிஸுக்குப் போன் பண்றேன். நல்ல இடத்துல எல்லாம் நாளைக்கே கூண்டு இறங்கிடும். ஜனவரிக்கு மேல நமக்கு என்ன மிஞ்சும்?”

கோரா உள்ளே போய் மேசையில் உட்கார்ந்து கோடைக்கால அளவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அடியைச் சுரண்டியதிலும், பாரத்தைக் குறைத்ததிலும், மெதுவாகப் போனதிலுமே ஆறில் ஒரு பங்கு டீசல் மிச்சமாகியிருந்தது. அப்பா படகை விற்காமலிருக்க அதுவே போதுமாயிருந்திருக்கும். புது விசிறி அதற்குமேல் தந்தது ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடிக்குத்தான் அவள் ஆசைப்பட்டாள். மறுபடி கூட்டிப் பார்த்தாள். கணக்கு மாறவில்லை. சமையலறையில் அப்பா பாத்திரங்களைக் கழுவித் துடைத்து, யாருடையது எது என்று பிரித்து அடுக்கும் சத்தம் கேட்டது.

பக்கத்தைப் புரட்டி எழுதினாள்.

டிசம்பர் 4.
இஞ்சின் ஓடவில்லை. காரணம் விசிறி. மாற்றச் சொன்னது நான்.
நாளை: விடியுமுன் துறைக்குப் போக வேண்டும். முதலில் ரூபென் படகில் கூண்டு ஏற்ற வேண்டும், பிறகு மற்றவர்களுக்கு. காய்ந்த கையுறை இரண்டு ஜோடி எடுத்து வைக்க வேண்டும், எனக்கும் அப்பாவுக்கும்.